பெட்டியும் நரம்பும்: கழிபொருள் இசைக்கருவிகளும் மலையகத் தேயிலைப் பெட்டியும்

மலையக நாட்டார் இலக்கியம் பற்றிய ஆய்வு ஈழத்துத் தமிழாராய்ச்சியில் தனக்கென ஓர் இடத்தை இன்று பெற்றுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1987 இல் நூலாக வெளிவந்தது. அதன் முன்னும் பின்னும் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தொழிற்பாடல் எனப் பல வகைப்பட்ட பாடல்கள் தொகுக்கப்பட்டும் ஆராயப்பட்டும் வந்துள்ளன. எனினும் இம்முயற்சிகளில் ஒரு குறைபாடு தெரிகின்றது. பாடலின் சொல்லைப் பதிவுசெய்த அளவுக்கு, அச்சொல்லோடு உடன் ஒலித்த கருவியை நாம் பதிவுசெய்யவில்லை. இலக்கிய மாணவர்களாகிய நமக்குச் சொல்லே மூலப்பொருளாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் கருவியும் ஒரு மூலப்பொருளே. எப்பொருளால் அது செய்யப்பட்டது, அப்பொருள் செய்தவன் கைக்கு எவ்வாறு வந்தது, அவன் அதனை எப்பொழுதில் வாசித்தான் என்பன போன்ற வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள் ஒரு சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளை நேரடியாகவே புலப்படுத்துவன.

பிறர் பயன்படுத்தி எறிந்த பொருள்களைக் கொண்டு வறியோர் தாமே செய்துகொள்ளும் இசைக்கருவிகளை ‘கழிபொருட் கருவிகள்’ என்று இக்கட்டுரை குறிப்பிடுகின்றது. அவற்றுள் உலகெங்கும் அறியப்பட்டது சுருட்டுப்பெட்டிக் கிற்றார் ஆகும். அதன் வரலாற்றையும் அமைப்பையும் விளக்கி, அதற்கு இணையாக மலையகத்துத் தேயிலைப் பெட்டியும் தப்பும் நமக்கு உணர்த்துவன எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுருட்டுப்பெட்டியின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் சுருட்டு பெருங்கூடைகளிலும் பேழைகளிலும் அனுப்பப்பட்டது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இருபது, ஐம்பது சுருட்டுகள் கொண்ட சிறு மரப்பெட்டி வழக்குக்கு வந்தது. 1860களில் உள்நாட்டுப் போரின் செலவை ஈடுசெய்வதற்காக அமெரிக்க அரசு புகையிலைக்கு வரி விதித்தபோது, சுருட்டுகள் பெட்டியில் அடைக்கப்பட்டு வரிமுத்திரை ஒட்டப்பட்டே விற்கப்படவேண்டும் என்ற விதியும் வந்துசேர்ந்தது. முத்திரை உடைந்த பெட்டியை மீண்டும் சுருட்டு விற்கப் பயன்படுத்த முடியாது. எனவே மெல்லிய, நன்கு உலர்ந்த, எடை குறைந்த மரத்தாலான பெட்டிகள் பயன் முடிந்தவையாக ஊரெங்கும் குவிந்தன. வரிச்சட்டம் ஒன்று தன்னையறியாமலே ஓர் இசைக்கருவிக்கான மூலப்பொருளை வழங்கிற்று எனலாம்.

போர்க்களத்து ஓவியரான எட்வின் போர்ப்ஸ் 1876 இல் வெளியிட்ட செதுக்கோவியம் ஒன்றிலே, பாசறையில் அமர்ந்திருக்கும் போர்வீரன் ஒருவன் சுருட்டுப்பெட்டியாற் செய்த பிடிலை வாசிப்பதைக் காணலாம். 1884 இல் டானியல் கார்ட்டர் பியேட் என்பவர் சுருட்டுப்பெட்டியைக் கொண்டு பாஞ்சோ செய்யும் முறையைச் சிறுவர்களுக்கென எழுதி வெளியிட்டார். ஆயினும் இக்கருவி வேர்கொண்டது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையேதான். அடிமைமுறை ஒழிந்தபின்னும் குத்தகைக் கடனில் கட்டுண்டு பருத்தி விளைவித்த அம்மக்களுக்குக் கடையில் விற்ற கிற்றார் எட்டாப் பொருளாக இருந்தது. தும்புத்தடியைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரில் இரு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி, போத்தலொன்றை அதன் கீழ்ச் செருகி ஒற்றைநரம்புக் கருவியாக வாசிப்பதும் அவர்களிடையே வழக்காயிருந்தது. ‘புளூஸ்’ என்னும் இசைவகையின் முதன்மைக் கலைஞர்களுள் எண்ணப்படும் பிக் பில் புரூன்சி, லைற்னின் ஹொப்கின்ஸ் ஆகியோர் இளமையில் சுருட்டுப்பெட்டியாற் செய்த கருவிகளிலேயே தம் இசையைத் தொடங்கினர்.

இந்நிலை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தென்னாபிரிக்காவில் எண்ணெய்த் தகரம் கிற்றாரின் உடலாயிற்று. ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் சைக்கிளின் பிரேக் கம்பி இழை இழையாகப் பிரிக்கப்பட்டு நரம்பாக்கப்படுகின்றது. திரினிடாட்டில் 1880களில் குடியேற்ற ஆட்சி தோல்முரசுகளைத் தடைசெய்தது. அதனை எதிர்கொண்ட மக்கள் மூங்கிலையும், பின்னர்த் தகரங்களையும், இரண்டாம் உலகப் போரின்பின் எண்ணெய்ப் பீப்பாய்களையும் இசைக்கருவியாக்கினர். தமிழ்நாட்டில் திருவிழாக்களிலும் சென்னைக் கடற்கரையிலும் விற்கப்பட்ட கொட்டாங்கச்சி வயலினும் இவ்வகையினதே. தேங்காயைத் துருவியபின் எறியப்படும் சிரட்டை, ஒரு மூங்கிற்குச்சி, ஒரு கம்பி ஆகியனவே அதன் உறுப்புகள்.

கருவியின் அமைப்பு

சுருட்டுப்பெட்டிக் கிற்றாரின் அமைப்பு மிக எளிமையானது. வீணையின் உறுப்புப் பெயர்கள் நமக்குப் பழக்கமானவையாதலின் அவற்றைக் கொண்டே இதனை விளக்கலாம். பெட்டியே குடம். ஏறத்தாழ மூன்றடி நீளமும் இரண்டங்குல அகலமும் கொண்ட நேரான மரச்சட்டமே தண்டி. இத்தண்டி பெட்டியின் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் சிறிது வெளியே நீளும்படி பொருத்தப்படும். பெட்டிக்குள் கிடக்கும் தண்டியின் மேற்பகுதி சற்றுச் செதுக்கப்பட்டு, மூடியைத் தொடாமல் இடைவெளி விடப்படும். மூடியே ஒலிப்பலகையாதலின் அது தடையின்றி அதிரவேண்டும் என்பதே இதன் காரணம். நரம்பின் கீழ்முனை தண்டியின் வெளி நீண்ட அடியிலும், மேல்முனை தலைப்பகுதியிலுள்ள பிரடைகளிலும் கட்டப்படும். மூடியின்மீது குதிரையும் தலைப்பக்கத்தில் மேருவும் வைக்கப்படும். இவ்விரண்டுக்கும் பழைய இரும்பு மரையாணியே போதுமானது. பிரடைகளைப் பழுதடைந்த கிற்றாரொன்றிலிருந்து கழற்றிக்கொள்வதும் உண்டு, மரத்திற் சீவிக்கொள்வதும் உண்டு.

இவ்வமைப்பின் நுட்பம் கவனிக்கத்தக்கது. நரம்புகளின் இழுவிசை முழுவதையும் தாங்குவது தண்டி ஒன்றே. பெட்டி அவ்விழுவிசையைத் தாங்குவதில்லை. குதிரை வழியாக வரும் அழுத்தத்தை ஏற்று அதிர்வது மட்டுமே அதன் பணி. நரம்பு தனித்து அதிரும்போது சிறிதளவு காற்றையே அசைக்கும். குதிரையின் வழியாக அவ்வதிர்வு மூடிக்குச் செல்ல, மூடியின் பரப்பு பெருமளவு காற்றை அசைத்து ஒலியைப் பெருக்கும். எனவேதான் மெல்லிய, உறுதியற்ற, எறியப்பட்ட ஒரு பெட்டி இங்கே பயன்படுகின்றது. உறுதியான பெட்டியைக் காட்டிலும் அது நன்றாகவே ஒலிக்கக்கூடும். தச்சுப்பட்டறை இல்லாதவன் ஒருவன் கத்தியும் சுத்தியலும் கொண்டு செய்யக்கூடியதாகக் கருவியை ஆக்கியது இவ்வமைப்பே.

மெட்டுகள் வைக்கப்படுமாயின் அவற்றின் இடம் கணக்கினால் அறியப்படும். மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட நரம்பின் நீளம் 60 சதமமீற்றர் எனக் கொள்வோம். மேருவிலிருந்து 30 சதமமீற்றரில், அதாவது பாதியில், அழுத்தினால் மேற்குரல் ஒலிக்கும். 20 சதமமீற்றரில் அழுத்தினால் மூன்றில் இரு பங்கு நரம்பு அதிர்ந்து இளி ஒலிக்கும். 15 சதமமீற்றரில் அழுத்தினால் நான்கில் மூன்று பங்கு அதிர்ந்து உழை ஒலிக்கும். ஏனையவற்றுக்கு, எஞ்சியுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 ஆல் வகுத்துக்கொண்டு செல்வது இன்றைய கிற்றார் செய்வோர் கைக்கொள்ளும் முறை. அவ்வாறாயின் முதல் மெட்டு மேருவிலிருந்து ஏறத்தாழ 3.37 சதமமீற்றரில் அமையும். ஆனால் மெட்டுகள் இல்லாமலே வாசிப்பது பெருவழக்கு. போத்தலின் உடைந்த கழுத்தை மழுக்கி விரலில் மாட்டி நரம்பின்மீது வழுக்கி வாசிக்கும்போது, சுரங்களுக்கிடையேயான நுண்ணிய அசைவுகளும் கிடைக்கின்றன. மூன்று நரம்புகள் கட்டப்படின் அவை குரல், இளி, மேற்குரல் என இசைகூட்டப்படும். நரம்புகள் அனைத்தையும் ஒரே இடத்தில் அழுத்தினாலும் இசைவு கெடாதாகையால், முறையாகப் பயிலாதவனுக்கும் இது கைகொடுக்கின்றது.

இலக்கியத்தில் ஒரு முன்னுதாரணம்

இத்தகைய கருவி தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே இரு வகை யாழ்கள் இடம்பெறுகின்றன. நூலின் தொடக்கத்தில், பாணன் தாங்கிய யாழின் பத்தல், போர்வை, திவவு, நரம்பு ஆகிய உறுப்புகள் ஒவ்வொன்றாக உவமையுடன் வருணிக்கப்படுகின்றன. அது தொண்டைமான் இளந்திரையனின் அவைக்களம் நோக்கிச் செல்லும் கருவி. அதே நூலின் இடைப்பகுதியில் காட்டிலே ஆநிரை மேய்க்கும் இடையன் ஒருவன் வருகின்றான். தீக்கடைகோலால் துளையிட்டுத் தான் செய்த குழலை அவன் ஊதுகின்றான். அதில் சலிப்புத் தோன்றியதும், உள்ளீடற்ற குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண்ணை இசைக்கின்றான். வண்டுகள் அதனைத் தம் இனத்தின் ஒலி எனக் கருதிச் செவிசாய்ப்பதாகப் புலவர் கூறுகின்றார்.

ஒரே நூலில் இடம்பெறும் இவ்விரு கருவிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சமூக வேறுபாடேயாகும். முன்னையது தொழில்முறைக் கலைஞனுக்குரியது, புரவலனின் பரிசிலை எதிர்நோக்குவது. பின்னையது உழைப்பாளி ஒருவன் உழைப்பின் இடைவேளையில், கைக்கெட்டிய பொருளைக் கொண்டு, தனக்கெனச் செய்துகொண்டது. சுவாமி விபுலானந்தர் பல்லாண்டு உழைத்து 1947 இல் வெளியிட்ட யாழ்நூல் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் ஆகியவற்றோடு வில்யாழையும் ஆராய்ந்து, வழக்கொழிந்த கருவிகளைக் கணிதத்தின் துணையால் மீட்டெடுக்க முயன்றது. அது ஈழத்துத் தமிழறிஞர் ஒருவரின் மாபெரும் சாதனை. ஆயின் அந்நூலால் ஊக்கம்பெற்ற நாம் மறைந்த யாழைத் தேடிய ஆர்வத்தில், கண்முன்னே மறைந்துகொண்டிருக்கும் உழைப்பாளியின் கருவியைக் காணத் தவறினோம் என்பதும் உண்மை.

தேயிலைப் பெட்டியின் பயணம்

நம் நாட்டில் சுருட்டுப்பெட்டிக்கு நேரானது தேயிலைப் பெட்டியாகும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867 இல். மார்க்சின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை மலைநாட்டை மூடிற்று. வலப்பனைப் பிரதேசத்தில் ராகலை, உடப்புசல்லாவை முதலிய இடங்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளும் தேயிலைத் தோட்டங்களாயின. உடப்புசல்லாவை என்ற பெயர் இன்றும் இலங்கைத் தேயிலையின் வட்டாரப் பெயர்களுள் ஒன்றாக உலகச் சந்தையில் வழங்குகின்றது.

கொழுந்து தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்தி, தரம் பிரிக்கப்பட்டபின் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைக்கப்பட்டது. உட்புறம் உலோகத் தாள், விளிம்புகளில் தகரப் பட்டி, சிறு ஆணிகள் என அமைந்த அப்பெட்டி ஏறத்தாழ நூறு இறாத்தல் தேயிலையைக் கொள்ளும். அதன் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும், தேயிலையின் தரமும், நிறையும் அச்சுத்தகட்டால் எழுதப்பட்டன. கொழுந்து பறித்தவளின் பெயர் எழுதப்படவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இப்பெட்டிகள் பிரித்தானியாவின் துறைமுக நகரங்களில் வெறுமையாகிக் குவிந்தன. 1950களின் நடுப்பகுதியில் அங்குத் தொழிலாளர் குடும்பத்து இளைஞரிடையே ‘ஸ்கிபிள்’ என்ற இசைவகை பெரும் அலையாக எழுந்தது. லொனி டொனகன் பாடிய ‘றொக் ஐலண்ட் லைன்’ அதற்கு வழிதிறந்தது. அப்பாடல் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது. போருக்குப் பிந்திய வறுமையில் பெரிய நரம்புக் கருவிகளை வாங்க வழியற்ற இவ்விளைஞர்கள் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிப்பலகையின் நடுவில் துளையிட்டுக் கயிறொன்றை முடிந்து, மறுமுனையைத் தும்புத்தடியின் உச்சியில் கட்டினர். தடியின் அடி பெட்டியின் விளிம்பில் நிற்கும். ஒரு காலால் பெட்டியை அழுத்தியபடி தடியைப் பின்னுக்குச் சாய்த்தால் கயிறு இறுகிச் சுரம் உயரும், தளர்த்தினால் தாழும். இழுவிசையை நான்கு மடங்காக்கினாலே சுரம் மேற்குரலுக்கு உயருமாதலின், இதனை வாசிப்பது தோள்வலுவையும் வேண்டிநிற்கும் ஒரு வேலை. லிவர்பூல் நகரத்து இளைஞர் குழுவான ‘குவாரிமென்’ இக்கருவியுடனேயே தொடங்கிற்று. ‘பீற்றில்ஸ்’ என உலகம் பின்னர் அறிந்த குழு அதிலிருந்தே வளர்ந்தது.

ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் அக்குழுவின் நிகழ்ச்சியொன்றில் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது 1957 யூலை 6 ஆம் நாள். அதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் நிலைமை யாது? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்பெட்டிகளை நிரப்பிய மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அவர்கள் உழைப்பின் விளைவு தடையின்றிக் கடல் கடந்தது, அவர்களுக்கோ வாழ்ந்த மண்ணிலேயே வாக்குரிமை இல்லை. லிவர்பூலில் ஒலித்த பெட்டிகளுள் எது வலப்பனையிலிருந்து சென்றது, எது அசாமிலிருந்து சென்றது என எவராலும் கூறமுடியாது. உழைப்பின் தடயத்தை அழித்துப் பொருளை மட்டும் முன்னிறுத்துவதே பண்டத்தின் இயல்பு என மார்க்ஸ் காட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பெட்டியைத் தட்டி இசைத்த பிரித்தானியத் தொழிலாளியின் மகனும், அதனை நிரப்பிய மலையகத் தொழிலாளியின் மகளும் ஒரே மூலதனத்தின் இரு முனைகளில் நின்றவர்கள். ஒருவரையொருவர் அவர்கள் அறியாதிருந்தனர்.

தப்பும் தோலும்

மலையகத்தின் தலைமைக் கருவி நரம்புக் கருவியன்று. தோற்கருவியாகிய தப்பு ஆகும். மூன்று மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வளையத்தில், பதப்படுத்திய மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுவது தமிழகத்திலிருந்து வந்த மரபு. ஒரு கையில் குறுகிய தடித்த குச்சியும் மறுகையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு அது அடிக்கப்படும். தோல் ஈரத்தை ஏற்றுத் தளரும் தன்மையது. பனியும் தூறலும் மிகுந்த நுவரெலியா மாவட்டத்து மலைகளில் தப்பை அடிக்கடி தீயிற் காய்ச்சாமல் ஒலி எழாது. கூத்துக் களத்தின் ஓரத்தில் எரியும் சிறு நெருப்பும் அக்கருவியின் ஓர் உறுப்பு எனக் கொள்வது தவறாகாது.

தப்பின் மூலப்பொருள் எவ்வாறு கிடைத்தது என்ற வினாவே இங்கு முதன்மையானது. செத்த மாட்டை அகற்றுவதும் அதன் தோலை உரிப்பதும் தமிழகக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்ட பணி. ஊர் வேண்டாமென ஒதுக்கியது அவர்கள் கைக்கு வந்தது. அதிலிருந்து அவர்கள் முரசு செய்தனர். அம்முரசை அடித்ததே பின்னர் அவர்கள் இழிவுக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. கழிபொருள் என்பது இயற்கையில் கிடைக்கும் ஒரு பொருளன்று. எறிபவன் யார், பொறுக்குபவன் யார் என்ற சமூக உறவே ஒரு பொருளைக் கழிபொருளாக்குகின்றது. சுருட்டுப்பெட்டிக்கும் தேயிலைப் பெட்டிக்கும் இது பொருந்தும். தப்புக்கோ இது இருமடங்காகப் பொருந்தும்.

தோட்டத்தில் தப்பு மற்றொரு மாற்றத்துக்கும் உட்பட்டது. விடியுமுன் லயங்களிலுள்ளோரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைப்பதற்குத் தப்பு பயன்படுத்தப்பட்டது. விழாவின் கருவி வேலைநேரத்தின் கருவியாயிற்று. ஐரோப்பியத் தொழிற்சாலையில் ஆலைச்சங்கு செய்த பணியைத் தோட்டத்தில் மக்களின் சொந்த முரசே செய்ய நேர்ந்தது. மக்களின் உழைப்பை மட்டுமன்றி அவர்களது பண்பாட்டுச் சாதனங்களையும் மூலதனம் தன் ஏவலுக்கு உட்படுத்தும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

எனினும் இவ்வேவலோடு கருவியின் வரலாறு முடிந்துவிடவில்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து நிகழும்போது அதே தப்பு வெவ்வேறு பாத்திரங்களின் வருகைக்கு வெவ்வேறு அடிகளை எழுப்பிற்று. பிறப்பிலும் இறப்பிலும் திருவிழாவிலும் அது ஒலித்தது. காலையில் துரையின் நேரத்தை அறிவித்த முரசு இரவில் மக்களின் நேரத்தை அறிவித்தது. ஒரே தோலில் இவ்விரு ஒலிகளும் பொருதிக்கொண்டிருந்தன. இம்முரண்பாட்டைக் காணாது ‘தப்பு மலையகப் பண்பாட்டின் சின்னம்’ என்று மட்டும் கூறுவது அதன் வரலாற்றில் பாதியை மறைப்பதாகும். சாதியிழிவின் அடையாளம் என்று கூறி அதனை அடிக்க மறுத்தவர்களும், விடுதலையின் குரல் என்று கூறி அதனை மீண்டும் ஏந்தியவர்களும் அவ்வரலாற்றில் ஒருங்கே இடம்பெறவேண்டும்.

முடிவுரை

கழிபொருட் கருவிகளை அணுகுவதில் இரு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, செவ்வியல் நோக்கினரது. அவர்களுக்குச் சிரட்டை வயலினும் தகரக் கிற்றாரும் சிறுவர் விளையாட்டுப் பொருள்கள், தப்போ வெறும் ஓசை. மற்றொன்று, கற்பனைநவிற்சியாளரது. வறுமை எத்துணை ஆக்கத்திறன் கொண்டது என வியந்து, அவ்வறுமைக்கான காரணத்தை இவர்கள் மறந்துவிடுகின்றனர். இன்று மேலைநாடுகளில் சுருட்டுப்பெட்டிக் கிற்றாருக்கான உறுப்புகள் கடைகளில் புதியனவாகவே விற்கப்படுகின்றன. எறியப்பட்ட பொருளின் தோற்றமும் ஒரு பண்டமாகிவிட்டது. ஆக்கத்திறனை நாம் மறுக்கவில்லை. மெல்லிய பெட்டிக்குள் தண்டியை ஊடுருவச் செலுத்தி, இழுவிசையைத் தண்டிக்கும் அதிர்வைப் பெட்டிக்கும் பகிர்ந்தளித்தவன் சிறந்த அறிவியற் சிந்தனையாளனே. அவனுக்கு மறுக்கப்பட்டது அறிவன்று, கருவி வாங்கும் கூலியே என்பதைச் சேர்த்துக் கூறுவதே நம் கடமை.

தேயிலைப் பெட்டியின் இடத்தைப் பல அடுக்குக் காகிதப் பைகள் பிடித்துவிட்டன. பழைய பெட்டிகளின் பலகைகள் லயக்காம்பராக்களில் தட்டுகளாகவும் தடுப்புகளாகவும் ஆனதை மூத்தோர் நினைவுகூர்வர். தப்பிலும் மாட்டுத்தோலின் இடத்துக்குச் செயற்கைத் தோல் வந்துகொண்டிருக்கின்றது. தமிழகத்திலிருந்து மக்கள் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை மீட்டெடுக்கும் முயற்சிகளில் கருவிகளும் இடம்பெறவேண்டும்.

இப்பணிக்குப் பெரும் நிதியோ நிறுவனமோ தேவையில்லை. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள நம் மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு இதனைத் தொடங்கலாம். கருவியின் நீள அகலங்கள், அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் அம்மக்கள் வழங்கும் பெயர், உறுப்புகள் எங்கிருந்து கிடைத்தன என்ற விவரம், செய்தவர் யாரிடம் கற்றார் என்ற செய்தி, வாசித்ததற்குக் கூலி கிடைத்ததா என்பது, எவ்வெவ் வேளைக்கு எவ்வெவ் அடி என்பது ஆகியன குறிக்கப்படவேண்டும். அவற்றோடு, அக்கருவியைத் தொட மறுத்தவர் யார், ஏன் மறுத்தார் என்பதும் தவறாது கேட்கப்படவேண்டும். பாடலின் சொல்லில் வெளிப்படாத பல உண்மைகளை அம்மறுப்பு நமக்குக் கூறும்.